மெம்பர் காருக்குப் புது டயர்

"டயரு ரப்பர் வளையல் கணக்கா இருக்குதாம் அக்கா."

பலாங்கொடையில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டிலிருந்து இந்தப் பேச்சு வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். இளையவளின் கணவனுக்கு டயர் கடையில் வேலை. அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதேச சபை மெம்பர், தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயரும் ரிம்மும் மாற்ற அங்கே வந்திருக்கிறார்.

"ரிம்மு மட்டும் சோத்துச் சட்டி அகலமாம். 'ஐயா, குழியில எறங்குனா இது வளைஞ்சிரும், கொஞ்சம் தடிச்ச டயரா போடுங்க'ன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு."

"அதுக்கு?"

"'நான் எதுக்குக் குழியில எறங்குறேன்? மெயின் ரோட்டுல மட்டுந்தான் ஓடுவேன்'னாராம், கண்ணாடியில மொகத்தப் பாத்துக்கிட்டே."

"அனே! மாசா மாசம் நம்ம லயத்து வீடுகளுக்கு வர்றேன்னு மைக்குல சொன்னாரே?"

"ரோடு போட்டுத் தர்றேன்னும்தான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரும் விடல, 'அப்ப நம்ம தோட்டத்து ரோடு?'ன்னு கேட்டிருக்காரு. 'இந்த டயரு தேயிற வரைக்கும் அந்தப் பக்கம் எனக்கு வேல இல்ல'ன்னுட்டாராம்."

ஓப்பநாயக்க ஊர் தாண்டியதும் இருவரும் எழுந்தார்கள். மழை விட்டிருந்தது. அவர்கள் இறங்கும் இடத்தில் தோட்டத்துப் பாதை சேறாகக் கிடந்தது. மூத்தவள் படியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எத்தன வருஷம் வருமாம் அந்த டயரு?"

"நாலு வருஷம் வருமாம்."

"அப்ப சரியா எலக்ஷனுக்குத் தடிச்ச டயரு போட்டுக்கிட்டு வந்துருவாரு."