நான் போட்டது சர்க்கரைதான்

என் பெயர் ஷாஜியா, வயது 46, கணவர் பெயர் காலஞ்சென்ற அப்துல் ஷுக்கூர். மாரண்டஹள்ளி பள்ளிவாசல் தெருவில் குடியிருக்கிறேன். கணவர் இறந்ததால் நான் இத்தா என்னும் துக்க காலத்தில் இருக்கிறேன், வெளியே வர இயலாது. என் வீட்டிலேயே பெண் காவலர் முன்னிலையில் சொல்கிறேன்.

என் கணவர் தக்காளி மண்டி வைத்திருந்தார். சில வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். மண்டிக்குச் சரக்கு கொண்டுவரும் விவசாயி சென்னப்பன், தன் வேலியில் படர்ந்த சிறுகுறிஞ்சான் இலையைப் பறித்துக் கொடுப்பார். மாத்திரையோடு இதையும் தின்னலாமா என்று டாக்டரைக் கேட்கச் சொன்னேன். "ஆடு திங்கற எலதான புள்ள, கேட்டா அவுரு திட்டுவாரு" என்று சொல்லிவிட்டார். இலை மென்றுவிட்டு டீ குடித்தால் வாயில் ஒரு ருசியும் இல்லை என்பார். சர்க்கரை போடாத டீதானே என்று நான் கண்டுகொள்ளவில்லை.

சம்பவத்தன்று காலை மாத்திரை போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனவர், லோடு ஏற்றும் அவசரத்தில் சாப்பிடாமலேயே இருந்து மதியம் தள்ளாடிக்கொண்டு வந்தார். சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லி ஒரு பிடி இலையை மென்றார். அதன் பிறகு அவருக்குச் சட்டை நனைய வேர்த்துக் கை நடுங்கியது. இப்படி ஆனால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே இனிப்புக் கொடு என்று ஆஸ்பத்திரி நர்ஸ் முன்பே சொல்லியிருந்ததால், ஓடிப்போய் டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளி வந்து வாயில் போட்டேன். துப்பிவிட்டார். "மண்ண அள்ளிப் போடறாளே" என்று கத்தினார். புத்தி தடுமாறிப் பேசுகிறார் என்று நினைத்துத் தாடையைப் பிடித்து மறுபடியும் திணித்தேன். விரலைக் கடித்தார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த அவருடைய அண்ணன் முதசிர், "என்னாத்தக் குடுக்கற அவனுக்கு? வுடு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். கையில் இருந்த சர்க்கரை தரையில் கொட்டியது. அதன் பிறகு என் கணவர் பேசவில்லை. ஆம்புலன்ஸ் பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

நான் விஷம் வைத்ததாக முதசிர் புகார் கொடுத்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பி அப்படிக் கத்தினால் யார்தான் இழுக்க மாட்டார்கள்? ஆனால் என் கணவர் கடைசியாக என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கண்தான் வருகிறது. நான் மண் போட்டதாகவே நம்பிப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு, மிச்சம் வாடிக் கிடந்த இலையை எடுத்து நானே மென்றேன். அதன் பிறகு அதே டப்பாவிலிருந்து சர்க்கரையை வாயில் போட்டேன். துளியும் இனிக்கவில்லை. பல்லில் நெறுநெறுவென்று மண்ணாகவே இருந்தது. நானும் துப்பினேன்.

அவர் புத்தி தடுமாறவில்லை, பொய்யும் சொல்லவில்லை. நான் போட்டதும் சர்க்கரைதான். மீதி இலையையும் டப்பாவையும் ஒப்படைத்திருக்கிறேன். முதசிர் அண்ணன் ஒருமுறை மென்று பார்க்கட்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வலது ஆள்காட்டி விரலில் அவர் பல் பட்ட காயம் இன்னும் ஆறாததால் பேனா பிடிக்க முடியவில்லை. ரேகை வைக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)
ஷாஜியா