கழுவிய வெள்ளி டாலர்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் தருவதைவிட எவ்வளவோ மேல்.

லேலண்டைப் பற்றித்தானே கேட்டீர்கள்? நல்ல மனிதன். சங்கத்தில் என் பக்கத்து நாற்காலி அவனுடையது. எங்களுக்கு ஒரே ஒரு பெரிய விதி உண்டு. பழைய வெள்ளி டாலர் நாணயத்தைக் கழுவக் கூடாது. காலகாலமாகப் படிந்த நிறம்தான் அதற்கு உயிர். தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் ஒருவரும் சீந்த மாட்டார்கள்.

என்னிடம் கார்சன் சிட்டி நாணயச் சாலையில் அச்சடித்த 1889ஆம் வருட டாலர் ஒன்று இருந்தது. விளிம்பெல்லாம் நீலமும் ஊதாவும். அது கைக்கு வர எத்தனையோ வருடம் தவம் கிடந்தேன். சங்கத்தின் கண்காட்சிக்கு முந்தின வாரம், நான் வேலைக்குப் போயிருந்தபோது, அதைப் படம் எடுக்க லேலண்ட் எங்கள் வீட்டுக்கு வந்தான். சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். டாலர் புது ஸ்பூன் மாதிரி மின்னியது.

அவன் இன்னும் கிளம்பவில்லை. யார் வேலை இது என்று கேட்டேன். என் மனைவி மார்லிஸை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம்மெட், நான்தான் கழுவினேன். படத்துல பளிச்சுன்னு விழட்டுமேன்னு."

"உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும். புத்தி கெட்டுப் போச்சு. நாலு திட்டு திட்டிட்டு விட்டுடு."

நான் திட்டவில்லை. விவரம் தெரியாதவன் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்தவனை எப்படி மன்னிப்பது?

சனிக்கிழமை வழக்கம்போல உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போனோம். பனிக்கட்டியில் துளை போட்டு, அதன்மேல் நிறுத்திய சின்ன மரக்குடிலுக்குள் அடுப்பு மூட்டி உட்காருவோம். மதியம் அவன் ஒரு தூக்கம் போடுவான். அவன் அசந்ததும் வெளியே வந்தேன். அடுப்புப் புகை வெளியே போகாதபடி புகைபோக்கியில் என் பழைய கோட்டைத் திணித்தேன். கதவைச் சாத்திவிட்டு வண்டியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டேன். அவனுக்கும் ஒன்று மார்லிஸ் கட்டிக் கொடுத்திருந்தாள். வீணாக்க வேண்டாமே என்று அதையும் சாப்பிட்டேன்.

லேலண்டின் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மார்லிஸ் உடைந்து அழுதாள்.

"எம்மெட், நான்தான் டாலரைச் சமையல் சோடா போட்டுத் தேய்ச்சேன். கண்காட்சியில அழகா இருக்கட்டும்னு. உனக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டுபடும்னு, பாவம், அந்த மனுஷன் தன் தலையில போட்டுக்கிட்டான்."

அவளை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு நாணயத்தைப் பற்றி என்ன தெரியும்?

லேலண்டை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை. என் வீட்டுக் கூடத்தில் நின்று, என் முகத்துக்கு நேரே பொய் சொன்னான். இத்தனை வருடப் பழக்கத்துக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்களே சொல்லுங்கள், ஒரு சிநேகிதன் செய்கிற காரியமா இது?