பள்ளிக்கூடத் தெருவுல நின்ன வண்டி

ஆமா மேடம், அது என் வண்டிதான். நீங்க ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டவே வேணாம். பள்ளிக்கூடத் தெருவுல ஒரு பச்சைப் புள்ளி நிக்குதே, அது நான்தான். போலீஸ் ரோந்து போகவேண்டியது மார்க்கெட் பக்கம், வண்டி நிக்கிறது இங்க. இதுல மறைக்க என்ன இருக்கு?

இல்லல்ல, தூங்கலைங்க. என்னைப் பாத்தா வண்டியில குறட்டை விடுற ஆள் மாதிரியா தெரியுது? சரி, கொஞ்சம் தெரியுதுன்னே வைங்க. ஆனா அன்னைக்குத் தூங்கல.

உங்க மேப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். முன்னாடியெல்லாம் அவரவருக்குத் தோணின பக்கம் சுத்திட்டு இருந்தோம். இப்ப எங்க திருட்டு, எங்க அடிதடின்னு நீங்க சிவப்புல போட்டுக் குடுக்குறீங்க, நாங்க போறோம். மார்க்கெட் பின்பக்கம் பூட்டு உடைக்கிறது நின்னே போச்சு. பள்ளிக்கூடத் தெருவுல சிவப்பே இல்ல, அதனால ரோந்துலருந்து எடுத்துட்டீங்க. நியாயம்தானே. ராத்திரியில அங்க என்ன நடக்கப்போகுது?

ஒரே ஒரு ஆள் இருப்பார், அவ்வளவுதான். பகல்ல எங்க போவாரோ தெரியாது. பிள்ளைங்க எல்லாம் போய், தெரு அடங்கினப்புறம் வந்து ஸ்கூல் கேட்டுக்கு எதிர்ல நிப்பார். நம்ம வண்டி வந்தா நடு ரோட்டுக்கு வந்து கையைக் காட்டி நிறுத்துவார். இந்தப் பக்கம் பாப்பார், அந்தப் பக்கம் பாப்பார். ஏதோ பிள்ளைங்க கூட்டமா ரோட்டைத் தாண்டுற மாதிரி, கடைசிப் பிள்ளையும் போற வரைக்கும் பொறுமையா நிப்பார். அப்புறம், ம், போலாம்னு கையசைப்பார். நான் போவேன்.

சிரிச்சுக்கங்க மேடம், பரவாயில்ல. என்கூட வர்ற கான்ஸ்டபிளும் முதல்ல சிரிச்சார். ஹாரன் அடிங்க, நகந்துருவார்னார். நான் அடிக்கல.

பைத்தியம்னு மட்டும் சொல்லாதீங்க. ஸ்கூல் வேன் ஓட்டினவர் அவர். வேன்ல வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டப்பேர் வச்சிருப்பார், அதைக் கேக்கவே அதுங்க ஓடி வரும். ஒரு சாயங்காலம், இறங்கின குழந்தை ஒண்ணு, கீழ விழுந்த தண்ணி பாட்டிலை எடுக்க வேனுக்கு முன்னாடி குனிஞ்சிருக்கு. உயரமான வண்டி, இவருக்குத் தெரியல, எடுத்துட்டார். கோர்ட்டுல அவர் மேல தப்பில்லன்னுட்டாங்க. குழந்தையோட அப்பாவே வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, உங்க மேல எனக்குக் கோபமில்லைங்கன்னார். அதைத்தான் இவரால தாங்க முடியல. நாலு வார்த்தை திட்டியிருந்தா பொழைச்சிருப்பாரோ என்னவோ. சாப்பாடு இறங்கல, பேச்சு நின்னுபோச்சு. ஒருநாள் வீட்டை விட்டே கிளம்பிட்டார்.

எனக்கு எப்படித் தெரியுமா? எங்க அண்ணன் மேடம். கூடப் பொறந்தவர்.

கூட்டிட்டு வராமலா இருப்பேன்? சட்டையை மாத்திட்டு வீட்டு ஆளா போனா ஓடிருவார். அண்ணி போனாலும் ஓடிருவார். ரோந்து வண்டி வந்தா மட்டும்தான் நிப்பார். ஹெட்லைட் வெளிச்சத்துல முகத்தைப் பாத்துக்குவேன். இளைச்சிருக்காரா, கால்ல செருப்பு இருக்கான்னு பாத்துக்குவேன். ஜன்னல் வழியா சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினா வாங்கிக்குவார், ஆனா காக்கிச் சட்டையில நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனா அண்ணி கதவுகிட்டயே நிப்பாங்க. இருந்தார் அண்ணி, நல்லாத்தான் இருக்கார்னுவேன். அதுக்கப்புறம்தான் படுக்கப் போவாங்க.

நீங்க தெருவை எடுத்தப்புறமும் திருட்டுத்தனமா போயிட்டுத்தான் இருந்தேன். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, புள்ளி விலகுதே, என்னய்யான்னு ஒரு பிடி பிடிச்சார். அதுலருந்து போகல. அந்த வாரம் பாத்து விடாத மழை. மனசு கேக்கல மேடம், வண்டியைத் திருப்பிட்டேன். நீங்க கேக்குறது அந்த ராத்திரியைத்தான். ரோட்டுல கையைக் காட்ட யாரும் இல்ல. கேட்டு ஓரமா சுருண்டு கிடந்தார், உடம்பு நெருப்பா கொதிக்குது. நானும் கான்ஸ்டபிளும் தூக்கிப் பின்சீட்ல படுக்க வச்சோம். அடுத்து ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குதே, அதுவும் என் வண்டிதான். பறந்துதான் போனேன். பின்னாடியிருந்து, மெதுவாடா தம்பி, பிள்ளைங்க வர்ற நேரம்னார். இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் என்னைத் தம்பின்னார்.

அட, நீங்க ஏன் மேடம் கண்ணைத் துடைக்கிறீங்க? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? நான் யார்கிட்டயும் வாயே தொறக்கலையே.

என்னது, அந்தத் தெருவை மறுபடியும் சேக்குறீங்களா? வேணாம் மேடம். மார்க்கெட்டே இருக்கட்டும், அங்கதான் தேவை. நேத்து காலையில அவரை அடக்கம் பண்ணிட்டோம். ராத்திரி டியூட்டிக்கு வந்துடறேன்.