தலைவர் வெளியே நின்ற கூட்டம்

நாகலூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண், பக்கத்திலிருந்த வயதில் மூத்த பெண்ணிடம், "எங்க ஊட்டுக்காரரையே வெளிய அனுப்பிட்டனுங்கக்கா!" என்றாள்.

"ஏன் கண்ணு, சண்டையா?"

"இல்லீங்கக்கா. எங்க இளைஞர் மன்றத்துக்கு அவரு தலைவரு, நான் டிரஸ்டி. பசங்க வாலிபால் ஆடற எடத்துல தன்னோட வாடக ஜீப்புகள நிறுத்தோணும்னு மன்றக் கூட்டத்துல கேட்டாரு. சொந்த லாபம் இருக்கறவங்க ஓட்டுப் போடறப்ப வெளிய போயிரோணும்னு டிரஸ்டி பயிற்சியில சொல்லிக்குடுத்திருந்தாங்க. நீங்க எந்திரிங்கன்னுட்டேன்."

"போனாரா?"

"மழையில நின்னாரு. உள்ள அத்தன கையும் பசங்களுக்குத்தான்!"

ஒட்டுக்கேட்டது தவறுதான், வருந்துகிறேன். ஆனால் என் நிறுத்தம் வந்தும் நான் இறங்கவில்லை.

"ஊட்டுல பேசறாரா?"

"நொம்பப் பேசறாருங்க. அடுத்த பயிற்சிக்கு அவரும் வாராராம். என்னைய எதுக்கெல்லாம் வெளிய அனுப்பலாம்னு கத்துக்கோணுமாம்."