யாரும் மூடாத வால்வு

தேநீரைக் கலக்கிவிடாதீர்கள், ஹேபர்லெ மேடம். தெற்கிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு அது. அடியில் கற்கண்டு இருக்கிறது, மேலே ஓரமாகப் பாலாடை விட்டிருக்கிறேன். கலக்காமல் குடித்தால் முதலில் ஆடை வரும், பிறகு கசப்பு, கடைசியில் இனிப்பு. கலக்கினால் மூன்றும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். அப்படியென்றால் ஸ்பூன் எதற்கு என்று பார்க்கிறீர்கள். போதும் என்று தோன்றும்போது அதைக் கோப்பைக்குள் வைத்துவிடுங்கள். அதுவரை நான் ஊற்றிக்கொண்டே இருப்பேன். இந்தக் கடற்கரையில் அதுதான் வழக்கம்.

உங்கள் அறைக்கு என்னைக் கூப்பிடாமல் நீங்களே என் இயற்பியல் கருவி அறைக்கு வந்தது மரியாதையான காரியம். உங்களுக்கு முன்னால் இருந்த தலைமையாசிரியர் இந்தப் படியை ஏறியதே கிடையாது. வெளியே பெஞ்சில் ஓங்கன் அம்மாவும் அவர் மகள் டோம்கேயும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். டோம்கே இந்தப் பள்ளியை விட்டு ஊரிலுள்ள சாதாரணப் பள்ளிக்கு மாறுகிறாள். நீங்கள் இன்று அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறீர்கள்: மீத்திறன் வகுப்புக்குப் பொருந்தாத ஒரு பெண்ணை நான் எப்படித் தேர்வுசெய்தேன், ஏன் இத்தனை நாள் அவளை அங்கே தவிக்க விட்டேன். நியாயமான கேள்வி. அதில் ஒரு சிறு பிழை இருக்கிறது. கடைசியில் திருத்துகிறேன். ஆசிரியர் புத்தி, மன்னிக்க வேண்டும்.

முதலில் அந்த அலமாரிமேல் இருப்பதைப் பாருங்கள். பயப்படாதீர்கள், குடல் இல்லை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற வெந்நீர்க் குழாய் அமைப்பின் மாதிரி வடிவம், கண்ணாடியில் செய்தது. ஆசிரியர் பயிற்சியின் கடைசித் தேர்வுக்காக நானே செய்தது. கீழே குண்டாக இருப்பது கொதிகலன், மேலே வளைந்து போவது குழாய், உள்ளே சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். அடியில் விளக்கு வைத்தால் தண்ணீர் சூடாகும். சூடானால் விரியும். இங்கேதான் வேடிக்கை. தண்ணீரை அமுக்கிச் சின்னதாக்க முடியாது. மூடிய குழாய்க்குள் அது விரிந்தால் எங்காவது போயாக வேண்டும், இல்லையென்றால் எதையாவது உடைக்கும். அதனால் பக்கவாட்டில் ஒரு சிறு கலனை வைக்கிறோம். பாதி தண்ணீர், பாதி காற்று, நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. மிஞ்சுகிற அழுத்தத்தையெல்லாம் அந்தச் சவ்வு பின்னால் வளைந்து வாங்கிக்கொள்ளும். வீடு முழுக்க இதமாக இருக்கும். அந்தக் கலன் மட்டும் யாரையும் சூடாக்காது. பாதாள அறை மூலையில் சும்மா தொங்குவதுபோல் தெரியும்.

எனக்கு எந்த இயந்திரத்திலும் மிகவும் பிடித்த பாகம் அதுதான்.

இனி நம் மீத்திறன் வகுப்பு. சுற்றுவட்டாரக் கிராமங்களின் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஒவ்வொன்றிலும் முதலாவதாக வந்த பிள்ளைகளை எடுக்கிறோம். அதுவரை தன்னைவிடக் கெட்டிக்காரப் பிள்ளையை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைக்கிறோம். முதல் வாரத்திலேயே கணக்குப் புரிந்துவிடும்: ஒரே ஒருவர்தான் முதலாவது, மற்றவர் எல்லோரும் இல்லை. யூஸ்டஸ் நகத்தைச் சதை தெரியக் கடிப்பான். ஃபிலிப்பா கழிவறையில் போய் அழுதுவிட்டுச் சளி பிடித்திருக்கிறது என்பாள். அவளுடைய அப்பா மாலையில் எனக்குத் தொலைபேசியில், "சார், வீட்ல சிரிச்சிட்டே இருந்த பொண்ணு சார், இப்ப ரெண்டு மார்க்குக்குச் சாப்பிட மாட்டேங்குறா" என்பார். உச்ச மதிப்பெண்ணான ஒன்று வாங்க வேண்டியவள் அதற்கு அடுத்த இரண்டு வாங்கிவிட்டாளாம். நாட்டில் பாதிப் பேர் இரண்டுக்கு விருந்து வைப்பார்கள்.

சிரிக்கலாம், மேடம். நானும் சிரித்தேன். ஆனால் அழுத்தம் உண்மை. அதை வாங்கிக்கொள்ள ஒரு கலன் தேவைப்பட்டது.

ஆம். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளையை நான் அதற்காகவே வைத்தேன். மற்ற எல்லோரும் காலையில் உள்ளே வரும்போது, "எப்படியும் நான் கடைசி இல்லை" என்று நினைத்துக்கொள்ள உதவுகிற ஒரு பிள்ளை. உங்கள் கோப்பை காலியாகிவிட்டது, ஊற்றுகிறேன்.

முதலில் சாதாரணப் பிள்ளைகளைத்தான் எடுத்தேன். நீங்களும் அப்படித்தான் ஊகித்திருப்பீர்கள். நுழைவுச் சோதனையை நடத்துவது நான். பெற்றோரிடம் இடம் கிடைத்தது, கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொல்வோம், மதிப்பெண்ணைச் சொல்வதில்லை. மதிப்பெண்ணைச் சொன்னால் பெற்றோர்கள் அதைப் பிறந்தநாள் கேக்கில் எழுதிவிடுவார்கள் என்பதால் வந்த விதி. நல்ல விதி. அன்ஸ்கார் என்று ஒரு பையன் இருந்தான், இனிமையானவன், கடும் உழைப்பாளி. திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி வந்தது. பிறகு செவ்வாயும். அந்த ஆண்டு முடிவதற்குள் போய்விட்டான். அடுத்து வந்த லேவ்கே இன்னும் சீக்கிரம் போனாள். கலன் போனதும் வகுப்பு மறுபடி கொதித்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. தவறு பிள்ளைகளிடம் இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. சவ்வு குழாயைவிட உறுதியாக இருக்க வேண்டும். மெல்லிய ரப்பரை வைத்துவிட்டு அது கிழிந்துவிட்டதே என்று யாராவது அங்கலாய்ப்பார்களா?

டோம்கேயை நான் முதலில் பார்த்தது பள்ளியின் திறந்த கதவு நாளில். பெற்றோர்கள் பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்க வருகிற சனிக்கிழமை. அவள் அம்மா கடலைத் தடுக்கிற கரையணைக்குப் பின்னால் பால்மாடு வைத்திருக்கிறவர், ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு நல்ல காலணி போட்டு வந்திருந்தார். டோம்கே இந்தக் கண்ணாடி மாதிரி வடிவத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். ஏதோ ஒரு கேள்வி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகளின் கேள்வி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அவளுடைய விசேஷம், எதையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அவர்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். "மொய்ன்" என்று ஒரு சொல்லில் காலை வணக்கம் சொன்னால் அன்றைய பேச்சில் பாதி முடிந்தது. நம் பள்ளியிலோ மதிப்பெண்ணில் பாதி வாய்மொழிக்கு. யார் விரலை உயர்த்துகிறார்கள், யார் பேசுகிறார்கள் என்பதற்கு. இந்த நாட்டின் மிக அழகான கண்டுபிடிப்பு அது. வாயாடியை அறிவாளி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கலாம்.

நான் செய்தது மிகக் கொஞ்சம். கேள்வியைக் கேட்டவுடன் அவள் பெயரைச் சொல்வேன். "டோம்கே?" அவள் யோசிக்கத் தொடங்குவாள். வகுப்பு நெளிகிற வரை காத்திருந்து, அன்பாகச் சொல்வேன்: "பரவால்லம்மா, அவசரமே இல்ல. யூஸ்டஸ், நீ சொல்லு." யூஸ்டஸ் சொல்லிவிடுவான். அவ்வளவுதான். ஒருமுறைகூட நான் குரலை உயர்த்தியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிள்ளைகள் அவளுக்கு "டீசல்" என்று பெயர் வைத்தார்கள். "டேய், இருங்கடா, டீசல் இன்னும் சூடாகல" என்பான் யூஸ்டஸ். "குளிர்காலம்ல, கொஞ்சம் தள்ளிவிட்டாதான் கெளம்பும்" என்பாள் ஃபிலிப்பா. டோம்கேயும் சிரிப்பாள். கெட்ட பிள்ளைகள் இல்லை அவர்கள். தங்கள் குறிப்புகளை அவளுக்குக் கொடுப்பார்கள், இடைவேளையில் ரொட்டியைப் பகிர்ந்துகொள்வார்கள். யூஸ்டஸுக்கு நகம் வளர்ந்தது. ஃபிலிப்பாவுக்குச் சளி போய்விட்டது. மாவட்டக் கணிதப் போட்டியில் அந்த வகுப்பு வென்றபோது, இவ்வளவு ஒற்றுமையான மீத்திறன் வகுப்பை எங்குமே பார்த்ததில்லை என்று நீங்களே மேடையில் சொன்னீர்கள். நான் கீழே உட்கார்ந்து கைதட்டினேன்.

எழுத்துத் தேர்வுதான் சிக்கலாக இருந்தது. ஏனென்றால், இங்கேதான் உங்கள் கேள்வியிலுள்ள பிழை, மேடம்.

டோம்கே பொருந்தாதவள் இல்லை. நான் சோதித்த பிள்ளைகளிலேயே அவளுக்குப் பக்கத்தில் வருகிறவர் யாரும் இல்லை. நுழைவுச் சோதனையின் கடைசிப் புதிருக்கு நான் வைத்திருந்த விடையைவிடச் சுருக்கமான விடையை எழுதியிருந்தாள். உறுதியான சவ்வு வேண்டும் என்றேனே, அதற்காகத்தான் அவளை எடுத்தேன்.

எழுத்தில் அவளுடைய விடைகள் சரியாகவே இருந்தன. வழிதான் அவளுடைய சொந்த வழி. ஓரத்தில் சிவப்பு மையில், "இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று எழுதினேன். கேள்விதானே? பலமுறை எழுதினேன். பிறகு அவள் தன் வழியை விட்டுவிட்டு நான் கரும்பலகையில் போட்ட வழியிலேயே போடத் தொடங்கினாள். அது அவளுக்கு அந்நியமான வழி, அதனால் தவறுகள் வந்தன. தவறுக்கு மதிப்பெண் குறைப்பது என் கடமை. மற்றப் பாட ஆசிரியர்களுக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் ஒருமுறை அவள் பெயர் வந்தபோது பெருமூச்சு விட்டேன். மதிப்பெண் கூட்டத்தில் பிரெஞ்சு ஆசிரியை, "பாவம், நல்ல பொண்ணு, ஆனா இந்த வகுப்பு அவளுக்கு..." என்று இழுத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெருமூச்சு எவ்வளவு தூரம் போகும் என்று நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

போன வாரம் அவள் இங்கே வந்து விடைபெற்றாள். அம்மா சுட்ட வெண்ணெய்க் கேக்கைக் கொண்டுவந்திருந்தாள். அந்தத் தட்டில் இருப்பது அதுதான். எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கிறது.

"நான் போறேன் சார்" என்றாள்.

"எதுக்கும்மா அவசரம்?" என்றேன்.

"இங்க எல்லாரும் வேகம். எனக்குத்தான் மண்டையில ஏறல. அம்மா கேட்டாங்க, நான்தான் சொல்லிட்டேன், யார் மேலயும் தப்பில்லன்னு." கேக் தட்டை மேசைமேல் வைத்தாள். "நீங்க ஒருத்தர்தான் சார் கடைசிவரைக்கும் பொறுமையா இருந்தீங்க. தேங்க்ஸ் சார்."

இவ்வளவு ஆண்டுகளில் ஒரு பிள்ளை எனக்கு இப்படி மனதாரச் சொன்னதில்லை. என் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

ஆக, நான் தெரிந்துதான் செய்தேன். மிகவும் கெட்டிக்காரப் பெண்ணைத் தேர்ந்தெடுத்து, தான் மந்தம் என்று அவளே நம்பும்வரை பொறுமையாக வேலை செய்தேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நானே கையெழுத்துப் போடுகிறேன். வகுப்பின் நன்மைக்காகச் செய்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஸ்பூனைக் கோப்பைக்குள் வைத்துவிட்டீர்கள். சரி, போதும்.

அவளை உள்ளே கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். தாராளமாகக் கூப்பிடுங்கள். "நீதான் இந்தப் பள்ளியிலேயே பெரிய கெட்டிக்காரி" என்று சொல்லுங்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவள் மரியாதையாகத் தலையாட்டுவாள். ஆறுதலுக்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வாள். நானே சொன்னால் இன்னும் உறுதியாக அப்படி நினைப்பாள். நன்றாகச் செய்த வேலையை யாரும் அவ்வளவு எளிதாகப் பிரித்துப் போட முடியாது.

என்ன, அந்தத் திறந்த கதவு நாள் கேள்வியா? நீங்கள் மறக்கவில்லை. அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. சரி, கேட்டதால் சொல்கிறேன். மாதிரியைக் கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். கொதிகலனுக்கும் அந்தச் சிறு கலனுக்கும் நடுவில் ஒரு பித்தளை வால்வு இருக்கிறது, தெரிகிறதா? அழகுக்காக வைத்தேன். அவள் விரலை நீட்டி, "இத யாராவது மூடிட்டா என்ன சார் ஆகும்?" என்றாள்.

"யாரும் மூட மாட்டாங்கம்மா" என்றேன்.

"அப்ப எதுக்கு சார் அது அங்க இருக்கு?"

கூட்டம் முழுவதும் சிரித்தது. ஒரு அப்பா, "சார், மாட்டிக்கிட்டீங்க!" என்றுகூடச் சொன்னார். அந்த மாதிரிக்குத் தேர்வுக் குழு எனக்கு உச்ச மதிப்பெண் கொடுத்தது, மேடம். பேராசிரியர்கள் பார்த்தார்கள், என் மாணவர்கள் ஆண்டுதோறும் பார்த்தார்கள். யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடத்தில் மூடக்கூடிய வால்வு இருக்கவே கூடாது. மூடினால் கலன் இருந்தும் இல்லாததுதான், கண்ணாடி வெடித்துவிடும். அவள் சொன்னது சரி. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதோ, கதவைத் திறக்கிறீர்கள். வா டோம்கே, உட்காரும்மா, அவசரமே இல்ல. பார்த்தீர்களா மேடம், உள்ளே வந்ததும் அவள் கண் முதலில் அந்த வால்வுக்குத்தான் போகிறது. எப்போது வந்தாலும் அப்படித்தான். ஆனால் அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை.