சனிக்கிழமை வாங்காத பல்சக்கரம்

பெயர் வெள்ளையம்மாள். வயது அறுபதுக்கு மேல். கணவர் காலஞ்சென்ற வீரமலை. ஊர் திருவெள்ளறை, மேலத்தெரு. தொழில் விவசாயம். 1963-ஆம் வருஷம் தை மாதம் போலீஸ் நிலையத்தில் விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பார்த்ததும் கேட்டதும் மறக்காது. ஸ்ரீரங்கத்தில் வாடகைக் கார் வைத்து ஓட்டும் ரெங்கராஜ் என் மாப்பிள்ளை. இறந்துபோன வள்ளிக்கண்ணு என் மகள். இப்போது காவலில் உள்ள மெக்கானிக் ஹனீஃபா எனக்கு உறவோ பழக்கமோ இல்லை. பட்டறையில் ஒரு பகல் பார்த்ததுதான்.

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, வளைகாப்பு முடிந்த மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக நான் பஸ்ஸில் வந்து டவுனில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். கார் அங்கே பக்கத்தில் ஹனீஃபாவின் பட்டறையில் நின்றது. வேலை முடிந்ததும் காரிலேயே ஸ்ரீரங்கம் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னதன் பேரில் நான் பட்டறையில் ஒரு டின் மேல் உட்கார்ந்திருந்தேன். என்ஜின் முன்பக்கத்தைத் திறந்திருந்தார்கள். கீழே சின்னச் சக்கரம், மேலே பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றிச் சைக்கிள் செயின் போல ஒரு செயின். அது தளர்ந்துவிட்டதென்று மாப்பிள்ளை முதல்நாளே புதுச் செயின் வாங்கி வைத்திருந்தார். அதன் பிறகு ஹனீஃபா பழைய செயினைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைத் துடைத்துக் காட்டினார்.

"சார், செயினை மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்லீங்க. பல்லைப் பாருங்க, நாய்ப்பல்லு மாதிரி கூராயிருச்சு. இதுல புதுச் செயின் உக்காராது. ரெண்டு சக்கரமும் சேத்து வாங்கிட்டு வாங்க."

"இதை நேத்தே சொல்லியிருக்கணும் பாய். இன்னைக்குச் சனிக்கிழமை. நாங்க இரும்பு வாங்க மாட்டோம்."

"நேத்து வண்டியைப் பிரிக்கலீங்களே. நான் வேணா என் பேர்ல வாங்கியாரேன்."

"யார் வாங்கினா என்ன, போறது என் வண்டிக்குள்ளதானே?"

அப்போது நான் குறுக்கிட்டேன். எங்கள் ஊரிலும் சனிக்கிழமை இரும்பு வாங்குவதில்லை, ஆனால் உழவு நேரத்தில் கலப்பைக் கொழு முறிந்தால் வாங்கி, வீட்டுக்குள் கொண்டுவராமல் வயலிலேயே பூட்டிக்கொள்வோம், பட்டறையும் வயல் மாதிரிதான் என்று சொன்னேன். அதற்கு மாப்பிள்ளை, "அத்தை இனிமே கலப்பைக்கும் டாக்சி பர்மிட் வாங்கிருவாங்க போலிருக்கு" என்றார். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹனீஃபா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வரை வண்டி நிற்கட்டும் என்று அவர் கேட்டதற்கு, ஞாயிறு கல்யாணச் சவாரி இருக்கிறது, பழைய சக்கரத்தையே போடு என்று மாப்பிள்ளை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஹனீஃபா பழைய சக்கரங்களிலேயே புதுச் செயினை மாட்டி, "திங்கக்கிழமை கட்டாயம் கொண்டாங்க, விட்டுறாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளை அதன் பிறகு அந்தப் பட்டறைப் பக்கமே போகவில்லை.

இந்தத் தை மாதம் மகளுக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொன்னதால் ஆளனுப்பினோம், மாப்பிள்ளை காரோடு வந்தார். வரும்போதே என்ஜின் முன்பக்கம் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டியது போல் சத்தம் இருந்தது. கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றார். கொள்ளிடம் பாலத்தின் நடுவில் சத்தம் பெரிதாகிக் கார் நின்றது. பிறகு கிளம்பவில்லை. நல்ல வெயில். மகள் என் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு பின்னால் வந்த ஒரு மாட்டுவண்டிக்காரர், யாரும் கேட்காமலே வாழைத்தார்களை இறக்கிப் பாலத்து ஓரத்தில் அடுக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். மாப்பிள்ளை, "வண்டியை நடுப்பாலத்துல விட்டுட்டு வர முடியாது, நீங்க போங்க அத்தை" என்று நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி ஆண் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். மகளைக் காப்பாற்ற முடியவில்லை.

புதுச் சக்கரம் போடுவதாகச் சொல்லி ஹனீஃபா பழையதை மாட்டி ஏமாற்றினார் என்று மாப்பிள்ளை கொடுத்திருக்கும் புகார் பொய். அந்தச் சக்கரங்களை மாப்பிள்ளை வீட்டார் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள் என்று இங்கே கேள்விப்பட்டேன். பட்டறையில் இருந்தவர்களை ஹனீஃபாவின் ஆட்கள் என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே என் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

எனக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் விரோதம் உண்டா என்று கேட்டதற்கு, உண்டு என்று சொல்கிறேன். கல்யாணத்தில் எங்கள் ஊர்க்காரர்களைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்து ரசத்தோடு எழுப்பினார்கள். அதை நான் மறக்கவில்லை. அதற்காக இதைச் சொல்லவில்லை. விரோதி சொல்லைக் கோர்ட்டில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஏட்டய்யா சொன்னார். இருக்கட்டும்.

நேற்று மாப்பிள்ளையின் அண்ணன் அழகிரி என் வீட்டுக்கு வந்தார். "பாய்தான் பண்ணினான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, பேரனைக் கொண்டாந்து உங்க மடியில போடுறோம். இல்லைன்னா எங்க வாசப்படி மிதிக்கவேண்டாம்" என்றார். குழந்தையை ஆஸ்பத்திரியில் அவர்கள் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனபோது பார்த்ததுதான். முகம் சரியாகத் தெரியவில்லை. ஹனீஃபா சக்கரம் மாற்றச் சொன்னார், என் மாப்பிள்ளை வேண்டாமென்றார். இதைச் சொன்ன பிறகு அந்தக் குழந்தையை எனக்குக் காட்டமாட்டார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டியதும் குறைத்ததும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

வெள்ளையம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.