இல்லை என்று சொல்லாத கோல்கீப்பர்

குளிர்காலத்தில் கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் பேனாவைச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது. மை உறைந்துவிடும். அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஓரெஸ்ட் பலுக் என்பவர்தான். கனடாவில், அதுவும் இந்த சஸ்காட்செவனில் வேலை பார்க்கும் உங்களைப் போன்ற போலீஸ்காரருக்கும் இது உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஐஸ் ஹாக்கிப் பொருட்களைச் சேர்ப்பது என் பழக்கம். நான் அதைத் தொண்டு என்பேன். விசிட்டிங் கார்டில் 'பாரம்பரியக் காவலர்' என்றே அச்சடித்திருந்தேன். வீட்டின் நிலவறை முழுக்கத் தோல் கால்கவசங்கள், உடைந்த மட்டைகள், ஒருமுறைகூடத் துவைக்காத சட்டைகள். வியர்வைக் கறை போனால் மதிப்பும் போய்விடும்.

சென்ற ஆண்டு என் மனைவி மார்லீனுக்கு முழங்கால் வலி முற்றி, வீட்டை விற்றுச் சிறிய அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்தோம்.

“ஒரே ஒரு அலமாரி. அதுக்குள்ள அடங்குறத வச்சுக்கோ வென்டல்,” என்றாள். “கண்டவன் வேர்வைய மோந்துக்கிட்டே இத்தன வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு. போதும்.”

எதை வைத்துக்கொள்வது? நான் ஓரெஸ்ட்டை வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் பிறந்து, முகமூடி போடாத காலத்தில் பெரிய அணிக்குக் கோல் காத்தவர், முகமெல்லாம் தையல். தூரத்து வான்கூவரில் ஒதுங்கி வாழ்ந்ததால், பந்துக்குப் பதில் ஐஸில் அடித்து ஆடும் ரப்பர் வட்டு அவர் கையெழுத்தோடு கிடைப்பதே அரிது. அவருடையதை மட்டும் அலமாரியில் அடுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். எதை விடுவது என்று தெரிந்தவன்தான் சேகரிப்பாளன்.

அப்புறம் அவர் மனைவி இறந்துபோனார். ஓரெஸ்ட் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. காகிதக் குவளையில், பனி வாரும் மண்வெட்டியில், கை முறிந்தவர்களின் மாவுக்கட்டில், சர்ச்சில் பியரோகிக் கொழுக்கட்டை விற்ற அட்டைப்பெட்டியில் என்று கேட்டதிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். எந்த வட்டையும் உள்ளே விடாத மனிதருக்கு, கேட்டு வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பத் தெரியவில்லை.

ரெஜைனா நகரத்திலிருந்து வந்த வியாபாரி என் அலமாரியைப் பார்த்துச் சிரித்தான். “அந்தப் பெருசு கையெழுத்து போடாத சாமான் ஏதாச்சும் இந்த ஊர்ல இருந்தா காட்டுங்கண்ணே. இப்ப அதுதான் கிடைக்க மாட்டேங்குது.”

நான் ஓரெஸ்ட்டிடம் கெஞ்சினேன். உங்கள் பெயரை நீங்களே மலிவாக்குகிறீர்கள் என்றேன்.

“அட போடா, காவல்காரா. என் பேரு என்ன தங்கமா? முட்டியும் போச்சு, பல்லும் போச்சு, அவளும் போயிட்டா. கேக்கறவன் கேக்கறான். எனக்கும் பொழுது போகுது.”

“கொஞ்ச நாளைக்காவது நிறுத்துங்களேன்.”

“செத்தா நிறுத்திடறேன். ஒனக்கு என்ன அவசரம்?”

பார்த்தீர்களா, அவரே சொன்னார். என்னால் வேறு என்ன செய்திருக்க முடியும்?

போன வியாழக்கிழமை மதியம் அவரை என் வண்டியில் ஏற்றி, உறைந்த ஏரியின் நடுவிலிருக்கும் என் மீன்பிடிக் குடிலுக்கு அழைத்துப் போனேன். ஆல்பர்ட்டாவிலிருந்து ஒரு குடும்பம் உங்கள் கையெழுத்துக்காகவே வருகிறது என்றேன். பிறகு குளிர்காயும் அடுப்பிலிருந்து கேஸ் சிலிண்டரைக் கழற்றி, நிரப்பிக்கொண்டு வருவதாகச் சொல்லி வண்டியில் வைத்தேன். அவர் பிடித்து நடக்கும் நடைவண்டியும் என் வண்டியிலேயே இருந்தது.

“சீக்கிரம் வா. அவங்க வர்றப்போ கை வெறச்சுக் கெடந்தா அசிங்கம்,” என்றார்.

கதவைப் பூட்டவில்லை. அதைத் தயவுசெய்து எழுதுங்கள்.

கடைத்தெருவில் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பிப் போகலாம் என்று நினைக்காமல் இல்லை. சாவியைக் கையில் எடுத்தேன், வைத்தேன். கல்லாவுக்கு மேலே அவர் கையெழுத்திட்ட குவளை ஒன்று மாட்டியிருந்தது.

“தாத்தா எங்க, இன்னிக்கு ஆளக் காணோம்?” என்று பரிமாறும் பெண் கேட்டாள். “எங்கம்மாவுக்கு ஒண்ணு கேக்கணும்.”

சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இன்னொரு காபி சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. அதை என்னால் நிறுத்த முடியாதல்லவா?

மறுநாள் குடிலில் அவரைப் பார்த்தபோது விறைத்துப்போயிருந்தார், ஒரு கையில் உறை இல்லை. பேனா அக்குளில் இருந்தது. மடியில் ஒரு வட்டு. 'என் அன்பான' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு, கீழே கையெழுத்துப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். வருவதாக நான் கட்டிவிட்ட குடும்பத்துக்கு ஒரு பெயர் வைக்க மறந்துவிட்டேன்.

அந்த வட்டு உங்கள் ஸ்டேஷன் பீரோவில் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்குத் தாருங்கள் என்று கேட்கவில்லை. வெறும் கையால் தொடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அவரை அக்கறையாகப் பார்த்துக்கொள்ள இந்த ஊரில் என்னை விட்டால் யாருமே இல்லை.